கோழிக்கும் பருப்பு வேகணும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் நின்று, "இன்னிக்கு கிலோ என்ன விலை?" என்று கேட்காத வீடு திண்டுக்கல்லில் எத்தனை இருக்கும்? விலை ஏறினால் கடைக்காரரைத்தான் கோபித்துக்கொள்கிறோம். அந்தக் கோழி தின்ற தீவனத்தை நினைக்கிறோமா?

பிராய்லர் வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனம்தான். அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அது ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கத்துக் காடுகளிலேயே விளைகிறது. புரதத்துக்கான சோயாப் புண்ணாக்கோ பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிராவிலிருந்து லாரியில் வர வேண்டும். 2021 ஆகஸ்டில் அதன் விலை கிலோ நூறு ரூபாயை நெருங்கியது. கடைசியில் மத்திய அரசு, மரபணு மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய அனுமதித்தது. ஒரே சரக்கை நம்பியிருந்தால் வேறென்ன நடக்கும்?

நம் பக்கத்திலேயே, விருதுநகர் போன்ற ஊர்களின் பருப்பு மில்களில் துவரையும் உளுந்தும் உடைக்கும்போது பொட்டு, குருணை, தூசி என்று மூட்டை மூட்டையாகக் கழிகிறது. காலங்காலமாக அது மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. கோழிக்கும் கொடுக்கலாமே?

கொடுக்கலாம், பக்குவப்படுத்தி. மாடு அசைபோடும், நாரைச் செரிக்கும். கோழியால் முடியாது. ஆகவே நார் மிகுந்த பொட்டு மாட்டுக்கே இருக்கட்டும். பருப்புத் துகள் நிறைந்த குருணையும் தூசியும்தான் கோழிக்கு. அதையும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. புரதத்தைச் செரிக்க விடாமல் தடுக்கும் பொருள் பயறுகளில் இருக்கிறது. சூடு பட்டால்தான் அது அடங்கும். சோயாப் புண்ணாக்கையும் ஆலையில் நீராவியில் பக்குவம் செய்துதான் அனுப்புகிறார்கள். நம் வீட்டிலும் பருப்பை வேகவைத்துத்தானே சாப்பிடுகிறோம்?

பயறுகளில் மெத்தியோனின் சத்து குறைவு. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சோயாவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பங்கு குறைந்தாலே பெரிய உதவி.

பிராய்லர் ஹார்மோன் ஊசியால் வளர்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தி இன்னும் சுற்றுகிறது. ஆறு வாரத்தில் அது அப்படி வளர்வது இனவிருத்தியாலும் தீவனத்தாலும்தான். அப்படியிருக்க, கோழி என்ன தின்றது என்றல்லவா நாம் கேட்க வேண்டும்?

ஒப்பந்தப் பண்ணைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. கொட்டகை, கரண்ட் பில், உழைப்பு அவருடையது. குஞ்சும் தீவனமும் கம்பெனி தருவது. தென் மாவட்டப் பருப்பு மில்களோடு பேச வேண்டியவர்கள் கம்பெனிக்காரர்கள்தான். சொந்தமாகத் தீவனம் அரைக்கும் சிறு பண்ணையாளர்கள், கலப்பதற்கு முன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிவிடுங்கள். அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது பூஞ்சைதான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். சாதாரணமாக வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. அப்போது தூசி மூட்டை வாங்குகிறவர்கள் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரமோ கட்டியோ தட்டுப்பட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்