அப்பா சும்மாதானே இருக்கார்: பன்றி, தேனீ, காரைக்கால் கணக்கு

சொந்த ஊர் காரைக்கால் பக்கம். வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. ஊரில் அப்பா பெயரில் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ நிலம். இந்த மூணும் உங்களுக்குப் பொருந்தினா, வெண்பன்றிப் பண்ணை வீடியோ ஒன்றாவது உங்க போனில் வந்திருக்கும். அதை முழுசாப் பார்த்திருந்தா அடுத்ததா தேன் பெட்டி வீடியோவும் வந்திருக்கும். இரண்டிலும் வசனம் ஒன்றுதான்: "வேலையை விட வேண்டாம், வீட்டில் இருக்கிறவங்களே பார்த்துக்கலாம்."

அந்த "வீட்டில் இருக்கிறவங்க" யாரு? அப்பாதான். "சும்மாதானே இருக்கார், அவருக்கும் பொழுது போகும்" என்று நாமே சொல்லிக்கிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். தேனீ வேணும்னா உங்க ஆசைக்கு வைங்க. பன்றி வளர்க்கிறதா இருந்தா அது அப்பாவின் தொழிலா, அப்பா பெயரில், அப்பா கணக்கில் பணம் விழுற மாதிரி இருக்கணும். உங்க சைடு இன்கமா இருக்கக் கூடாது. பன்றி என்றாலே முகம் சுளிக்கிறவங்க சொல்ற காரணம் என்னுடையது இல்லை. எனக்கு நோட்டில் வர்ற கணக்கு மட்டும்தான் பேச்சு.

கணக்கைப் போடுவோம். கீழே இருக்கும் விலைகள் எடுத்துக்காட்டுக்கு நான் வைத்தவை. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கோங்க. பால் மறந்த குட்டி 10 வாங்கறீங்க, ஒன்று ₹4,000. மொத்தம் ₹40,000. சுமார் 10 கிலோ குட்டியை ஆறு மாசத்தில் 80 கிலோவுக்குக் கொண்டு வரணும். ஒரு கிலோ எடை ஏற மூன்றரை கிலோ தீவனம் என்று வைத்தால், ஒரு பன்றிக்கு 245 கிலோ. கிலோ ₹28 என்றால் ₹6,860. பத்துக்கு ₹68,600. மருந்து, வண்டி, விறகு, கரண்ட் எல்லாம் ₹8,000. கொட்டகைக்கு ஒன்றரை லட்சம் செலவு பண்ணி, அதை 10 வருஷத்துக்கு, வருஷம் இரண்டு பேட்ச் என்று பிரித்தால் பேட்சுக்கு ₹7,500. ஆக மொத்தச் செலவு ₹1,24,100. உயிர் எடை கிலோ ₹160 என்று பத்தையும் வித்தா ₹1,28,000.

மிச்சம் ₹3,900. ஆறு மாசத்துக்கு.

வீடியோவில் "ஆறு மாசத்தில் ஒண்ணேகால் லட்சம் வருமானம்" என்று சொன்னது இந்த ₹1,28,000-ஐத்தான். அது வருமானம் இல்லை, விற்பனைத் தொகை. இந்த வித்தியாசத்தை மறந்துட்டு வர்றவங்களாலதான் எங்க தொழிலே நடக்குதுன்னு ஆடிட்டர்கள் தமாஷா சொல்லிக்குவோம்.

"தீவனத்தை யாரு முழுசா காசு கொடுத்து வாங்கறாங்க? ஹோட்டல் கழிவு இருக்கே" என்பீங்க. சரி. பாதித் தீவனத்தைக் கழிவாலே ஈடு கட்டினா ₹34,300 மிச்சம். லாபம் ₹38,200 ஆகுது. நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கழிவை யாரு போய் எடுத்து வர்றது? காலையில் டிரம்மைக் கட்டிக்கிட்டு டிவிஎஸ்-ல போய், எடுத்து வந்து, கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஊத்தி, கொட்டகை கழுவி, சாணத்தை அள்ளி. நாளைக்கு மூணு மணி நேரம் என்று குறைச்சே வைக்கிறேன். 180 நாளில் 540 மணி நேரம். ₹38,200-ஐ வகுத்தால் மணிக்கு 71 ரூபாய் கூட வரலை. எட்டு மணி நேர வேலைக்குச் சுமார் ₹566. கடைசி மாசத்தில் ஒரு பன்றி செத்துப்போச்சுன்னா அது ₹376 ஆகிடும். இப்ப அப்பாவையே கேளுங்க, ஊரில் வயல் வேலைக்கு வர்ற ஆளுக்கு இன்றைக்கு என்ன கூலின்னு.

அதாவது இந்தப் பண்ணையில் "லாபம்" என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அப்பாவுக்குக் கொடுக்காத கூலி. அறுபது வயசில், ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு ராத்திரி வெளியூரில் தங்க முடியாது. பன்றிக்குப் பசி எடுத்தா அது லீவு கேட்டுக்கிட்டு நிக்காது.

இன்னொரு சிக்கலும் அதே டிரம்மில்தான் இருக்கு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் 2020-ல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதலில் உறுதியானது. 2022 ஜூலையில் கேரளாவில் வயநாட்டுக்கு வந்தது. மனிதருக்குத் தொற்றாது. ஆனா பன்றிக்கு வந்தா கிட்டத்தட்ட மொத்தமும் போகும். சிகிச்சை இல்லை. நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளை அழிக்கணும் என்பதுதான் அரசு நடைமுறை. உங்க பன்றி நல்லா இருந்தாலும் அதே கதிதான். இந்த வைரஸ் பரவும் முக்கிய வழிகளில் ஒன்று, பன்றி இறைச்சித் துண்டு கலந்த சாப்பாட்டுக் கழிவைச் சரியாக் கொதிக்க வைக்காமல் ஊத்துவது. லாபத்தை ₹3,900-லிருந்து ₹38,200-க்குத் தூக்கிய அதே கழிவுதான் முழுத் தொழிலையும் ஒரே வாரத்தில் துடைச்சுப் போடக்கூடியது. நோய் உங்க ஊருக்கு வராமலேயேகூட அடி விழும். 2022-ல் வெளி மாநிலப் பன்றிகள் உள்ளே வர கேரளா தடை போட்டது. கேரளா வியாபாரியை நம்பிப் பன்றியைக் கொழுக்க வைத்தவர், விற்க முடியாமல் தினமும் தீவனம் போட்டுக்கிட்டே இருக்கணும்.

இதுக்கு மேல நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகை. 2008-ல் நிஷா புயல் காரைக்கால் பக்கம்தான் கரையைக் கடந்தது; 2018-ல் கஜா கொஞ்சம் தெற்கே. அரசலாறு நிரம்பி ஓடுற மாசத்தில் தாழ்வான இடத்தில் கொட்டகை போட்டவர் என்ன பண்ணுவார் என்று வீடியோவில் யாரும் காட்டறதில்லை.

தேனீக்கு வருவோம். இதில் சுமை வேற மாதிரி. அடுக்குத் தேனீப் பெட்டி ஐந்து வைத்தால், வாரம் ஒரு தடவை ஒரு மணி நேரம் திறந்து பார்த்தால் போதும். மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு வைக்கணும். பெட்டியும் கூட்டமும் சேர்த்து ₹3,000, புகைப்பான், முகமூடி, தேன் எடுக்கும் கருவி ₹5,000 என்றால் மொத்த முதல் ₹20,000. ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷம் ₹4,000. சர்க்கரைக்கு ₹2,000. பெட்டிக்கு 4 கிலோ, கிலோ ₹600 என்றால் ₹12,000. மிச்சம் ₹6,000. மணிக்கு ₹115 வருது. பன்றியைவிட மேல்! ஆனா வருஷத்துக்கே ஆறாயிரம்தான். இதை வைத்து யாரும் வேலையை விட முடியாது. அதனாலதான் எனக்கு இது பிடிச்சிருக்கு. அது யாரையும் ஏமாத்தலை.

50 பெட்டி வைத்தால் பத்து மடங்கா? டெல்டாவில் அப்படிப் பெருக்க முடியாது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. அங்கே ரப்பர் தோட்டம் இருக்கு. ரப்பர் தளிரில் சுரக்கும் இனிப்பை எடுக்கத் தேனீ கூட்டமா வரும். நம்ம பக்கம் கண்ணுக்கெட்டிய வரை நெல். நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை ஆகும் பயிர், அதில் தேன் கிடையாது. தென்னை வருஷம் முழுக்கப் பூக்கும், எள் பூக்கும், புங்கை, முருங்கை, வேம்பு உண்டு. அஞ்சாறு பெட்டிக்கு அது போதும், ஐம்பதுக்குப் போதாது. சம்பா அறுத்த பிறகு பக்கத்து வயலில் பருத்தி போட்டு மருந்து அடிச்சாங்கன்னா கூட்டம் கூட்டமாச் சாகவும் வாய்ப்பு இருக்கு. பெரிய ஆபத்தும் நடந்திருக்கு: 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழிச்சது. ஆனா அது திரும்பி வந்தாலும் உங்க நஷ்டம் ₹20,000-க்குள்ள. பன்றியில் அப்படி ஒரு வரம்பு இல்லை.

இப்ப என் ஏரியா. "விவசாய வருமானம்தானே சார், வரி கிடையாதே?" மாசம் ரெண்டு பேராவது இதைக் கேட்கறாங்க. கிடையாதுன்னு நினைக்காதீங்க, உண்டு. நிலத்தை உழுது, விதைச்சு, பயிர் பண்ணி வர்ற வருமானம்தான் வருமான வரிச் சட்டத்தில் விவசாய வருமானம். ராஜா பினாய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957-லேயே இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு: நிலத்தோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தா மட்டும் அது விவசாயம் ஆகாது. கால்நடை வளர்ப்பு, பால் பண்ணை, கோழிப் பண்ணை எல்லாம் வெளியே. பன்றியும் தேனும் அப்படித்தான். 2025-ல் வந்த புதிய சட்டமும் இந்த அடிப்படையை மாத்தலை. பன்றி வித்த பணத்தை விவசாய வருமானம் என்று ரிட்டர்னில் காட்டறது தப்பான ரிட்டர்ன்.

மாசச் சம்பளம் வாங்கறவருக்கு இதில் மூணு விளைவு இருக்கு. ஒன்று, பண்ணையில் நஷ்டம் வந்தா அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பன்றி செத்தாலும் டிடிஎஸ் திரும்ப வராது. அடுத்த எட்டு வருஷத்தில் தொழிலில் லாபம் வந்தா அதில்தான் கழிச்சுக்கலாம், அதுவும் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருந்தால் மட்டும். இரண்டு, இப்ப நீங்க வருஷா வருஷம் பழைய வரி முறையா புதிய முறையான்னு மாத்தி மாத்தித் தேர்ந்தெடுக்கறீங்க. தொழில் வருமானம் வந்துட்டா அந்தச் சுதந்திரம் போச்சு. பழைய முறைக்குப் போய்ட்டு ஒரு தடவை புதுசுக்குத் திரும்பினா, தொழில் இருக்கும்வரை மறுபடி பழசுக்குப் போக முடியாது. வீட்டுக் கடன் வட்டிக்காகப் பழைய முறையில் இருக்கிறவங்க இதைக் கவனிக்கணும். மூணு, உங்க கம்பெனியின் வேலை ஒப்பந்தத்தில் வெளித்தொழில் பற்றி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. அரசு ஊழியரா இருந்தா நடத்தை விதிகளைப் பார்க்காம உங்க பெயரில் தொடங்கவே கூடாது.

அடுத்தது ஜிஎஸ்டி. இதில் காரைக்காலுக்குன்னு தனிக் கதையே இருக்கு. உயிருள்ள பன்றிக்கு வரி இல்லை. பாத்திரத்தில் ஊத்திக் கொடுக்கும் தேனுக்கும் இல்லை. முன்கூட்டியே பாட்டிலில் அடைச்சு லேபிள் ஒட்டினா 2022 ஜூலை 18-லிருந்து 5%. பொருள் விற்பவர் பதிவு செய்யணும் என்கிற வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 20 லட்சம். "நமக்கு எங்கே 20 லட்சம்" என்று சிரிக்காதீங்க. வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு வித்தா வரம்பே கிடையாது, முதல் பாட்டிலிலேயே பதிவு கட்டாயம். வாஞ்சூர் தாண்டினா நாகூர், அது தமிழ்நாடு, அதாவது வெளி மாநிலம். 130 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் புதுச்சேரிக்கு, நடுவில் தமிழ்நாடு முழுக்கக் கடந்து அனுப்பினா அது உள் விற்பனை. பக்கத்து நாகூருக்குக் கொண்டு போய்க் கொடுத்தா வெளி மாநில விற்பனை. (வாஞ்சூர் எல்லை வேற எதுக்குப் பிரபலம்னு உங்களுக்கே தெரியும். அதைவிட இந்தத் தேன் பாட்டில்தான் சட்டப்படி சிக்கலான சரக்கு.) காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து தப்பலாமான்னா, அதில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்கவே கூடாது. சென்னை ஆபீஸ் நண்பர்களுக்குக் கூரியரில் தேன் அனுப்பலாம் என்கிற திட்டம் இங்கேதான் மாட்டும். ஊரிலேயே, வந்து வாங்கறவங்களுக்கு வித்துடுங்க.

இவ்வளவும் கேட்ட பிறகும் அப்பாவுக்கே பன்றி வளர்ப்பில் விருப்பம் இருக்கலாம். பல பேருக்கு நிஜமாவே இருக்கு. மாட்டைப் பார்த்துப் பழகின கைக்கு இது புதுசில்லை. அப்ப நல்ல வழி இருக்கு. நீங்க போடும் பணத்தை அப்பாவுக்குப் பரிசாக் கொடுத்துடுங்க. பெற்றோருக்குக் கொடுக்கும் பரிசுக்கு அவருக்கும் வரி இல்லை, அதிலிருந்து வர்ற வருமானம் உங்க தலையிலும் ஏறாது. (மனைவிக்குக் கொடுத்து அவங்க பெயரில் தொடங்கினா கதை வேற, அந்த லாபம் உங்க வருமானத்தோட சேரும்.) 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வரி வராது, எனவே சிறு பண்ணை லாபத்துக்கு அப்பா கட்ட வேண்டியது பெரும்பாலும் பூஜ்யம். உங்க பெயரில் காட்டினா உங்க சம்பளத்தின் மேல் ஏறி 20, 30 சதவீதத்தில் போகும். உழைக்கிறவர் பெயரில் வருமானம் இருந்தா வரியும் குறையுது, பாஸ்புக்கும் அவர் கையில் இருக்கு. கூலிப் பிரச்சினையும் பாதி தீர்ந்தது.

மானியத்தைப் பார்த்து அளவைக் கூட்டாதீங்க. தேசிய கால்நடை இயக்கத்தில் பன்றிக்கு 50% மூலதன மானியம் இருக்கு, ஆனா அதில் சின்ன அளவே 50 தாய்ப்பன்றி, 5 கிடா. ஒரு ஏக்கர் குடும்பத்துக்கு அது தாங்காது. கொட்டகைக்கு முன்னாடி கொம்யூன் பஞ்சாயத்தில் அனுமதி கேளுங்க, பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயும் பேசுங்க. நிரவியோ நெடுங்காடோ, வீடுகள் நெருக்கமா இருக்கிற இடத்தில் முதல் புகார் நாற்றத்தைப் பற்றித்தான் வரும்.

நடைமுறை முதலுக்கு உங்க பெயரில் பர்சனல் லோன் எடுக்கவே எடுக்காதீங்க. கிசான் கிரெடிட் கார்டு 2018-19-லிருந்து கால்நடை வளர்ப்புக்கும் உண்டு. ₹2 லட்சம் வரை 7% வட்டி, ஒழுங்காத் திருப்பிக் கட்டினா 4%. விண்ணப்பம் அப்பா பெயரில்தான் போகும், கையெழுத்து அவருடையது. அதனால அவர் பெயரில் கூட்டுறவு வங்கியில் பழைய பயிர்க்கடன் பாக்கி ஏதாவது இருக்கான்னு இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுக்கோங்க.