ஜடாயுவிடம் சர்ட்டிபிகேட் கேட்டார்களா?

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி. ராவணனை மறித்துச் சண்டை போட்டு, சிறகு வெட்டுண்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமரே ஈமக்கடன் செய்த தலம் என்பது ஐதீகம். "சிறகு முன்பே பழுதா, சண்டையில்தான் போச்சா?" என்று ராமர் விசாரிக்கவில்லை.

நம் ஜவானிடம் விசாரிக்கிறார்கள்!

குண்டடி பட்டவர் பாடு பரவாயில்லை. காயம் கண்ணுக்குத் தெரிகிறது. பனியிலும் பாலைவனத்திலும் நின்று நோயாளி ஆனவர் கதிதான் பரிதாபம். பட்டாளத்தில் சேரும்போது கண், காது, நெஞ்சு என்று அங்குலம் அங்குலமாகச் சோதித்தார்கள். குறை இருந்தால் வாசலோடு சரி. அப்படிப் பொறுக்கி எடுத்த ஆள் நோயில் விழுந்ததும் மெடிக்கல் போர்டு ஒரு வரி எழுதுகிறது: சேவையால் வந்த நோயும் அல்ல, சேவையால் முற்றிய நோயும் அல்ல. ஊன பென்ஷன் அதோடு காலி.

அப்படி என்ன பெரிய தொகை? 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு ஊனம் 20 சதவீதம் என்றாலும் அதை 50 ஆகக் கணக்கிட வேண்டும். 40 ஆயிரம் சம்பளக்காரருக்கு மாதம் 6 ஆயிரம் ரூபாய். கஜானா கவிழ்ந்து விடாது.

1994-ல் இப்படி அனுப்பப்பட்ட தரம்வீர் சிங் கோர்ட்டு ஏறினார். ஒரு நீதிபதி கொடுத்ததை, அப்பீலில் இரு நீதிபதிகள் பறித்தார்கள். 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையா? சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்றால், நிரூபிப்பது அரசின் வேலை. இதைச் சொல்ல 19 வருஷம்!

அப்புறமாவது விட்டார்களா? 2023 செப்டம்பரில் விதிகளையே மாற்றி எழுதினார்கள். ராணுவத் தீர்ப்பாயம் கொடுத்த பென்ஷனை எதிர்த்து மத்திய அரசு போட்ட சுமார் 300 மனுக்களை டெல்லி ஐகோர்ட்டு 2025 ஜூலையில் தள்ளுபடி செய்தது. சிப்பாய்க்குக் கொடுக்கக் கை வரவில்லை, வக்கீலுக்கு வருகிறது.

சலுகையைச் சிலர் தவறாக வாங்குகிறார்களாம். இருக்கலாம். ஓய்வு பெறும் ஆபீசர்களில் 40 சதவீதம் வரை ஊன பென்ஷனோடு போகிறார்கள், சிப்பாய்களில் 18 சதவீதம் வரைதான் என்கிறது 2023-ல் வந்த மத்திய தணிக்கை அறிக்கை. சந்தேகம் என்றால் மேலிருந்து ஆரம்பிக்கட்டுமே!

மெடிக்கல் போர்டு அந்த ஒரு வரியை எழுதினால், ஏன் என்ற காரணத்தையும் கீழே எழுத வேண்டும். காரணம் இல்லாத ரிப்போர்ட்டை மேலதிகாரிகள் அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதுவரை அந்த ஜவானின் பென்ஷனை நிறுத்தக்கூடாது.