சின்ன நாய்தானே என்று வாங்காதீர்கள்!

"சின்ன நாய்தானே சார், ஒரு மூலையிலே படுத்துக் கிடக்கும். பிளாட்டுக்கு இதுதான் லாயக்கு."

இப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். அதை நம்பி வாங்கியவர் பட்ட பாட்டை, மேற்கு மாம்பலத்தில் எங்கள் எதிர் பிளாட்டில் ஆறு மாதம் கண்ணால் பார்த்தேன்.

கணவர் பாங்கியில் குமாஸ்தா. மனைவி பள்ளிக்கூட டீச்சர். பையன் அடம் பிடித்தான் என்று ஒரு குட்டி நாய் வாங்கி வந்தார்கள். "ஜாக் ரஸல் டெரியர்" என்று ஜாதி. வெள்ளை உடம்பு, காதோரம் பழுப்புத் திட்டு, துறுதுறு கண். ஆயிரக்கணக்கில் பணம் எண்ணிக் கொடுத்தார்களாம்.

முதல் வாரம் மாடியில் உள்ள குழந்தைகள் எல்லாம் அந்த வீட்டில்தான். மூன்றாவது மாதம் சோபாவின் பஞ்சு வெளியே வந்துவிட்டது. கதவு நிலையைக் கடித்தது. துளசிச் செடியைத் தோண்டிப் போட்டது. லிப்ட் சத்தம் கேட்டால் குரைப்பு, பால்காரர் வந்தால் குரைப்பு, பால்கனியில் புறா உட்கார்ந்தால் அரை மணி நேரக் குரைப்பு!

காலை எட்டரைக்குப் பூட்டினால் மாலை ஆறரைக்குத்தான் திறப்பார்கள். பத்து மணி நேரம் தனியாகக் கிடக்கும் ஜீவன் வேறு என்ன செய்யும்?

கீழ் வீட்டுப் பெரியவர் இருதய நோயாளி. அவர் சங்கத்தில் புகார் கொடுத்தார். "நாயா, நிம்மதியா, முடிவு பண்ணுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். குமாஸ்தா என்ன செய்தார்? நாயைப் பால்கனியில் சங்கிலி போட்டுக் கட்டினார். குரைப்பு இரண்டு மடங்கு ஆயிற்று.

ஒரு நாள் மாடிப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கார்ல ஏத்திக்கிட்டுப் போயி ஈ.சி.ஆர். ரோட்டுல விட்டுட்டு வந்துடலாமான்னு பாக்கறேன் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வளர்த்த பிராணியைக் காரணமில்லாமல் பட்டினி கிடக்கும்படி தெருவில் விடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய் அந்த ரோட்டில் எத்தனை நேரம் தாங்கும்?

பாதிரியார் வளர்த்த நாய்

தப்பு நாயின் மேல் இல்லை. அது எதற்காகப் பிறந்த ஜாதி என்று வாங்கினவரும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஜான் ரஸல் என்று ஒரு பாதிரியார் இருந்தார் (1795-1883). செல்லப் பெயர் ஜாக். பிரசங்கம் ஒரு பக்கம், நரி வேட்டைப் பைத்தியம் இன்னொரு பக்கம். 1819-ல் ஆக்ஸ்போர்டில் படித்துக் கொண்டிருந்தபோது ஒரு பால்காரரிடம் வெள்ளை நிறப் பெட்டை டெரியர் ஒன்றை வாங்கினார். "டிரம்ப்" என்று பெயர் வைத்தார். அதிலிருந்து ஆரம்பித்த வம்சம் இது.

இதன் வேலை என்ன தெரியுமா? குதிரைக்குப் பின்னால் மைல் கணக்கில் ஓட வேண்டும். நரி வளைக்குள் பதுங்கினால், தானும் உள்ளே நுழைந்து, இருட்டில், எஜமான் துணை இல்லாமல், குரைத்துக் குரைத்தே அதை வெளியே துரத்த வேண்டும். "டெரியர்" என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்ததுதான்.

ஓடு, தோண்டு, குரை, சொந்த மூளையில் முடிவு எடு! இந்த நான்குக்காகவே இருநூறு வருஷமாகப் பொறுக்கி எடுத்த ஜாதியை இரண்டு படுக்கை அறைக்குள் பூட்டிவிட்டு, "ஏன் தோண்டுது, ஏன் குரைக்குது, ஏன் சொல் பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று கேட்டால் எப்படி?

உயரம் ஒரு அடிக்குள். எடை ஐந்து ஆறு கிலோ. நம் வீட்டு அரிசிப் பைகூட அதைவிடக் கனம். ஆனால் ஓட்டத்தில் பெரிய நாய்க்குச் சளைத்ததில்லை.

அந்தக் காலத்து ஹெச்.எம்.வி. இசைத்தட்டில் குழாய் முன்னால் சாதுவாக உட்கார்ந்திருக்குமே ஒரு நாய், அதுவும் டெரியர் வகைதான். வந்தவர்கள் காலை வெடுக்கென்று கவ்வும் என்பதால்தான் அதற்கு "நிப்பர்" என்று பெயரே வந்தது!

காலை ஐந்தரை மணி

தினமும் குறைந்தது ஒரு மணி நேரமாவது இதற்கு ஓட்டமும் நடையும் வேண்டும். அடக்கிக் கொள்ள வைக்காமல் தெரு முனை வரை கூட்டிப் போய் வருவதெல்லாம் கணக்கில் சேராது. வளரும் குட்டியை மட்டும் ஒரேயடியாக ஓட வைக்கக் கூடாது.

நம் ஊர் வெயிலில் இன்னொரு ஜாக்கிரதை. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. விடியற்காலை ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை. நடுவில் வேண்டாம்.

கயிறு கட்டாமல் வெளியே விடவே கூடாது. மாநகராட்சி உரிமம், வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி எல்லாம் கட்டாயம்தான். அதற்கு மேல், அணில் ஒன்று குறுக்கே ஓடினால் இந்த ஜாதிக்கு லாரியும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது.

காலுக்கு மட்டும் வேலை கொடுத்தால் போதாது, மூக்குக்கும் கொடுக்க வேண்டும். பழைய துண்டில் பிஸ்கட்டைச் சுருட்டி ஒளித்து வைத்தால் கால் மணி நேரம் தேடும். ஒரு மரப்பெட்டியில் மணலை நிரப்பி பால்கனியில் வைத்தால், துளசிச் செடி பிழைக்கும். காசு செலவில்லாத வைத்தியம்.

எதிர் வீட்டுக் குமாஸ்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். நம்பிக்கை இல்லாமல்தான் கேட்டார். ஆனாலும் ஐந்தரைக்கு எழுந்து நாயோடு ஓட ஆரம்பித்தார். மத்தியானம் வேலைக்கார அம்மா வந்து அரை மணி நேரம் பந்து போடுகிறார். மூன்று வாரத்தில் குரைப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. முழுசாக நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். புறா வந்தால் இன்றைக்கும் கச்சேரிதான்! குமாஸ்தாவின் தொப்பையும் கொஞ்சம் கரைந்திருக்கிறது.

போன மாதம் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் ஒரு பெருச்சாளியைப் பிடித்துக் குதறிவிட்டது. "ஞாயித்துக்கிழமை காலையிலே கொஞ்சம் கீழே கூட்டிட்டு வாங்களேன்" என்று கேட்டவர் யார் என்கிறீர்கள்? அதே செயலாளர்! குமாஸ்தாவோ எலிக்காய்ச்சல் பயத்தில் நாயைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். அந்த ஊசியும் போட்டிருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

வாங்கும் முன்பு

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு விதி இருக்கிறது. கடைக்காரர் "பால் மறந்த குட்டி சார்" என்றால் வயதைக் கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி 2022-ல் வெளியிட்ட ஆய்வில், 18 வகை நாய்களில் அதிக ஆயுள் இந்த ஜாக் ரஸலுக்குத்தான்: சராசரி 12.7 வருஷம். இன்று ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையனுக்காக வாங்கினால், அவன் வேலை தேடும் காலத்திலும் நாய் இருக்கும். பையன் இரண்டு மாதத்தில் அலுத்துப் போவான். ஐந்தரைக்கு எழுந்து போகப் போவது அப்பாதான், அல்லது அம்மாதான்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் எல்லோரையும் கேட்டுப் பாருங்கள், யார் எழுந்திருப்பது என்று. ஒருத்தரும் கை தூக்கவில்லையா? கொளத்தூரில் வண்ண மீன் விற்கிறார்கள். பையன் நீந்துவதைப் பார்த்துக் கொண்டிருக்கட்டும்.