காசுக்கு ஓட்டு என்றால் அதில் நமக்கென்ன விடுதலை?

போன ஞாயிறு கருவடிக்குப்பத்தில் ஒரு தோழர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பொறியியல் படிக்கும் இரண்டு தம்பிகளும் ஒரு தங்கையும் மடிக்கணினியைத் திறந்து காட்டினார்கள். ஹைவ் என்கிற பிளாக்செயின் சமூக வலைத்தளத்துக்கு, கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் தமிழ்ச் செயலி ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். "இதுல ஏத்திட்டா எவனாலயும் அழிக்க முடியாது அண்ணா. நம்ம சனங்களுக்கு நடக்குற கொடுமை எல்லாத்தையும் இதுல பதிஞ்சிடலாம்" என்றார் தங்கை.

அவர்களின் உழைப்பை மதிக்கிறேன். அவர்களின் முடிவை எதிர்க்கிறேன். அன்று மாடியில் பாதியில் நின்ற வாதத்தை இங்கே முடிக்கிறேன்.

முதலில், அவர்களின் கோபம் நியாயமானது. 2018 நவம்பரில் ட்விட்டரின் தலைவர் ஜாக் டோர்சி, பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்ப்போம் என்ற பதாகையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டதற்கே அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் பத்திரிகையாளர் திலீப் மண்டலின் கணக்கை முடக்கியது. அப்போது நம்மவர்கள் பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்தவன் திண்ணையில் உட்கார்ந்தால் எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடுவான் என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல.

ஆனால் நீங்கள் இப்போது போகும் திண்ணை யாருடையது?

ஹைவுக்கும் அதன் தாயான ஸ்டீமுக்கும் (2016) அடிப்படை விதி ஒன்றே. ஒரு பதிவுக்கு நீங்கள் போடும் வாக்கின் எடையை, உங்கள் கணக்கில் பூட்டிவைத்திருக்கும் நாணயத்தின் அளவு தீர்மானிக்கிறது. பெரும் இருப்பு வைத்திருப்பவர்களுக்கு அங்கே 'திமிங்கிலம்' என்று பெயர். ஒரு திமிங்கிலம் எதிர்வாக்குப் போட்டால் நூறு சிறுமீன்களின் ஆதரவு கரைந்துபோகும். ஒரு நாளில் எத்தனை பதிவு எழுதலாம், எத்தனை பின்னூட்டம் இடலாம் என்பதும் அதே இருப்பைப் பொறுத்ததுதான். காசு இல்லாதவன் வாய் திறப்பதற்கே அளவு உண்டு. இதற்குப் பெயர் அதிகாரப் பரவலாம்!

புதுச்சேரிக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. பிரெஞ்சு ஆட்சியில் 1871லேயே இங்கே ஆண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது என்று பெருமை பேசுவார்கள். வந்தது உண்மை. ஆனால் வாக்காளர் பட்டியலைப் பிரித்துவைத்தார்கள். கையளவு ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், பல்லாயிரம் நம்மவருக்கு வேறு பட்டியல். எல்லோருக்கும் ஓட்டு இருந்தது. எடை ஒன்றாக இல்லை. இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில்தான் அந்தப் பட்டியல்கள் ஒழிந்தன.

அண்ணல் அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழுவின் முன் நின்று, தீண்டப்படாதோருக்கு வாக்குத் தகுதியின் வாசலைத் தாழ்த்துங்கள் என்று வாதாடினார். 1928இல் சைமன் குழுவிடம் வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார். சொத்தை வைத்து மனிதனை எடைபோடும் தராசை உடைக்கவே அவ்வளவு பாடு. அந்தத் தராசை நிரலாக எழுதி நம் பிள்ளைகளே கணினியில் நிறுவித் தருவதா?

"யாராலும் அழிக்க முடியாது" என்பதும் அரை உண்மைதான். 2020 பிப்ரவரியில் ஜஸ்டின் சன் என்கிற கோடீஸ்வரர் ஸ்டீமிட் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். ஸ்டீமை நடத்துவது வாக்கால் தேர்வாகும் 'சாட்சிகள்'. அவர்கள் அந்த நிறுவனத்தின் நாணய இருப்பை முடக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகள், வாடிக்கையாளர்கள் போட்டுவைத்திருந்த நாணயத்தைக் கொண்டே வாக்களித்தன. ஒரே நாளில் முதல் இருபது இடங்களும் சன் தரப்புக்குப் போயின. ஊரான் காசு, அவர்கள் ஓட்டு. எதிர்த்தவர்கள் மார்ச் 20 அன்று பிரிந்துபோய்த் தொடங்கியதுதான் ஹைவ். மே மாதம் ஸ்டீமில் 64 கணக்குகளிலிருந்து 2.36 கோடி நாணயத்தை நிரலை மாற்றியே பறித்தார்கள். பிரிந்துவந்த ஹைவாவது காசுக்கு ஓட்டு என்ற விதியைக் கைவிட்டதா? இல்லை.

இன்னொன்று. சங்கிலியில் இருப்பது வேறு, கண்ணுக்குத் தெரிவது வேறு. எதிர்வாக்கு விழுந்த பதிவை மங்கலாக்குவதும் மறைப்பதும் நாம் திறந்து பார்க்கும் செயலிதான். இதையும் இந்த ஊர் ஏற்கனவே பார்த்திருக்கிறது. கருவடிக்குப்பத்துக் குயில்தோப்பைச் சொல்லும்போதெல்லாம் பாரதியைச் சொல்வார்கள். அவருடைய 'இந்தியா' பத்திரிகை 1908இல் பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்கு வந்தது. அச்சகத்தை வெள்ளைக்காரனால் தொட முடியவில்லை. பத்திரிகை தன் எல்லைக்குள் நுழையத் தடை போட்டான். 1910இல் பத்திரிகை நின்றது. அழிக்கவே வேண்டியதில்லை தோழர்களே, வாசகனிடம் போகவிடாமல் செய்தால் போதும்.

இனி நான் மிகவும் அஞ்சும் இடம். அவனால் அழிக்க முடியாது என்றால் நம்மாலும் முடியாது. வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண் இன்று துணிந்து பேசுகிறார். நாளை அவருடைய ஊரில் மிரட்டல் வருகிறது, "என் பேச்சை எடுத்துடுங்க" என்கிறார். என்ன பதில் சொல்வோம்? பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். சங்கிலியில் தவறி ஏறிய பெயரைத் திருத்தினாலும் பழைய பிரதி அங்கேயே கிடக்கும். நம்மைச் சாதி சொல்லித் திட்டியவனின் சொல்லும் அப்படியே கிடக்கும். அழியாமை ஆண்டவனுக்குப் பெருமையாக இருக்கலாம். அடிபட்டவருக்கு வேண்டியது, தன் சொல்லின் மீது தனக்கு உள்ள உரிமை.

கணினிச் செயலி என்பதால் சாவிகள் உங்கள் மடிக்கணினியில் இருக்கும். அது பலம் என்றீர்கள். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியில் வெளியாட்கள் ஊடுருவி ஆவணங்களைப் புகுத்தியிருந்தார்கள் என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்செனல் 2021இல் அறிக்கை தந்தது. நம் போராளிகளின் கணினி பூட்டிய பெட்டி அல்ல. உங்கள் சாவியைத் திருடியவன் உங்கள் பெயரில் எழுதுவதையும் யாராலும் அழிக்க முடியாது.

அதனால் செயலி எழுதாதீர்கள் என்றா சொல்கிறேன்? எழுதுங்கள். மாஸ்டடானுக்கு எழுதுங்கள். அதன் நெறிமுறை திறந்தது, வழங்கியை நாமே நடத்தலாம். சாதி வசைக்கு இடமில்லை என்று நாமே விதி வைக்கலாம். அங்கே வழங்கியை நடத்துபவனும் நாட்டாமை ஆகலாம், மறுக்கவில்லை. அதற்காகத்தான் பொறுப்பாளரை ஆளுக்கொரு ஓட்டில் தேர்ந்தெடுக்கும் சங்கமாக அதை நடத்த வேண்டும்.

அந்தச் செயலி, அரசு கொடுத்த பழைய மடிக்கணினியிலும் ஓட வேண்டும். ஒரு முழு உலாவியையே உள்ளே சுமக்கும் எலக்ட்ரான் வேண்டாம். இணையம் இல்லாதபோதும் தமிழ்99இல் எழுதிச் சேமிக்க முடிய வேண்டும். படத்தில் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பை அதுவே நீக்க வேண்டும். சாட்சியம் என்றால், சம்பந்தப்பட்டவர் சரி என்று சொன்னாரா என ஒருமுறை கேட்காமல் வெளியிடக் கூடாது.

பிளாக்செயினுக்கு ஒரே ஒரு வேலை தரலாம். ஆவணத்தை நம் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கிட்ட சுருக்கக்குறியை மட்டும் சங்கிலியில் ஏற்றினால், அந்த நாளில் அந்த ஆவணம் இருந்தது என்பதற்கு அது முத்திரை. உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. சங்கிலி நமக்கு நோட்டரியாக இருக்கட்டும், நாட்டாமையாக வேண்டாம்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அந்த ஒரு பைசா, வாசகன் தரும் விலை. அவன் சொல்லின் எடையை அளக்கும் கல் அல்ல.

வரும் ஞாயிறும் அதே மாடிதான் தம்பிகளே, தங்கையே. மடிக்கணினியோடு வாருங்கள். முதல் வரியிலிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்.