உடல்நலம்: விரல் மடங்காத காலைகள்

பெடாஸ் வெந்நீர் ஊற்றில் கைகால்களை நனைத்தால் மூட்டு வலி ஓடிவிடும் என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. சுடுநீர் இதமாகத்தான் இருக்கும். ஆனால் தாய்மார்களே, காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல், சட்டைப் பித்தான்கூடப் போட முடியாமல், ஒரு மணி நேரமாகியும் அந்த இறுக்கம் விடாமல், இரண்டு மணிக்கட்டுகளும் ஒன்றுபோல வீங்கினால் அது வேலைக் களைப்பு அல்ல. முடக்குவாதமாக இருக்கலாம். ஊற்று நீர் வலியைத் தணிக்கும். எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்காது.

இந்நோயில், தோட்டத்து ஜாகா திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரையே அடிப்பதுபோல, உடலின் காவல் அணுக்கள் சொந்த மூட்டையே தாக்குகின்றன. அவற்றை உசுப்பிவிடும் ஊதல்களில் ஒன்று டி.என்.எஃப். என்ற பொருள். அதை மட்டும் தேடிப் பிடித்து அடக்கும் எதிர்ப்பொருளை இப்போது ஊசியாகப் போடுகிறார்கள். இது புரதம், மாத்திரையாக விழுங்கினால் வயிறு இறைச்சியைப்போல் செரித்துவிடும்.

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் இருவரும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கண்டார்கள். 1992-ல் லண்டனில் ஃபெல்ட்மனும், நம் இந்தியாவின் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் டி.என்.எஃப்.பை அடக்கும் எதிர்ப்பொருளை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலியின் எதிர்ப்பொருளில் ஒரு பகுதியை மனிதனுடையதோடு ஒட்டிச் செய்தது அது. பலருக்கு வீக்கம் வடிந்தது.

ஊசி என்றதும் அதையே கேட்டு நிற்க வேண்டாம். விலை அதிகம். முதலில் மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைதான். பலருக்கு அதுவே போதும். அதை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும், தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் வாதநோய்ப் பிரிவுக்குப் போங்கள், சீக்கிரமாக. சந்தையில் விற்கும் பதிவில்லாத ஜாமு மாயம்போல் வலியைப் போக்கினால் சந்தேகப்படுங்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை உண்டு. டி.என்.எஃப்.பை அடக்கினால், உடலுக்குள் உறங்கிக் கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம். லயத்தில் உடன் இருந்த மாமியாருக்கோ தம்பிக்கோ எப்போதாவது காசம் வந்திருந்தால், மானக்கேடு என்று மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.