காயம்பட்ட வீரர்களுக்கு உங்கள் நேரம் வேண்டும்: தில்லித் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள்



நாங்கள் பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. லெட்டர்பேடு கிடையாது, ரசீதுப் புத்தகம் கிடையாது. மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், தமிழ்ப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்கள், ராணுவ நர்ஸிங் பணியில் இருந்த ஒரு அம்மா, ஒரு வக்கீல், ராமகிருஷ்ணபுரத்திலும் ஜனக்புரியிலும் மயூர் விஹாரிலும் இருக்கும் சில குடும்பங்கள், அவ்வளவுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் கேட்பது பணம் அல்ல, உங்கள் நேரம்.

2025 மே 7 முதல் 10 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஊரில் விளக்கணைத்து ஒத்திகை நடந்தது. நம் வாட்ஸ்அப் குழுக்கள் இரவெல்லாம் தூங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் எல்லையைப் பற்றித்தான் பேச்சு. சண்டை நின்றதும் பேச்சும் நின்றது. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, மனித சுபாவம் அது. ஆனால் அடிபட்டுப் படுத்திருப்பவருக்குச் சண்டை நின்ற தேதி ஒரு பொருட்டே இல்லை. சண்டை இல்லாத வருடங்களிலும் கண்ணிவெடியும் பனிச்சரிவும் துப்பாக்கிச்சூடும் ஆட்களைக் கட்டிலில் கிடத்திக்கொண்டுதான் இருக்கின்றன.

காஷ்மீர் எல்லையில் அடிபடும் ஒரு ஜவான் தில்லிக்கு எப்படி வந்து சேருகிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. படைப்பிரிவோடு இருக்கும் டாக்டர் முதலில் ரத்தப்போக்கை நிறுத்துகிறார். அங்கிருந்து ஸ்ரீநகரில் உள்ள 92ஆம் பேஸ் ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் உதம்பூர் கமாண்ட் ஆஸ்பத்திரி, அங்கும் முடியாது என்றால் தௌலா குவான் பக்கத்தில் நாமெல்லாம் ‘ஆர் அண்ட் ஆர்’ என்று சொல்லும் ராணுவ மருத்துவமனை. கால் இழந்தவர்கள் பிறகு புனேயில் 1944 முதல் நடக்கும் செயற்கை உறுப்பு மையத்துக்குப் போவார்கள். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர்களுக்கு, 1971 போருக்குப் பிறகு புனே அருகே கட்கியிலும் மொஹாலியிலும் மறுவாழ்வு இல்லங்கள் ஏற்பட்டன. அறுவை சிகிச்சை, மருந்து, சக்கர நாற்காலி எல்லாம் அரசு பார்த்துக்கொள்கிறது. அதில் எங்களுக்குக் குறை இல்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவரை யார் பார்ப்பது என்பதுதான் எங்கள் கேள்வி.

முதல் நாள் இரவு சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் மூன்றாம் நாள் காலை புது தில்லி. இறங்குகிறவர் பெரும்பாலும் மனைவி, கூட மாமியாரோ தம்பியோ. கணவருக்கு ரெஜிமெண்டில் பழகிய இந்தி உண்டு. இவருக்கு அது இல்லை. ஆட்டோக்காரரிடம் பேரம், வாசலில் பாஸ், உடனிருப்பவருக்கான படிவம், தங்க இடம் என்று ஒவ்வொன்றிலும் முட்டிக்கொள்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். எந்தத் தாளை யார் கேட்பார்கள் என்று தெரியாததால் ரேஷன் கார்டு நகல் முதல் கல்யாணப் பத்திரிகை வரை அதில் இருக்கும்.

எங்களில் ஒருவர் ஒருமுறை இப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு மொழிபெயர்க்கப் போனார். டாக்டர் அவசரப்படாமல், நிதானமாகத்தான் ஆங்கிலத்தில் சொன்னார்: இனி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் அழவில்லை. “இத அவருகிட்ட சொல்லியாச்சா சார், இல்ல நான்தான் சொல்லணுமா?” என்று மட்டும் கேட்டார். அந்த இடத்தில் நல்ல டாக்டரும் நல்ல மருந்தும் போதாது. தமிழ் தெரிந்த ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகு செய்ய வேண்டியவற்றையும் இங்கேயே அவர் கற்றுக்கொண்டாக வேண்டும். முதுகுத்தண்டு அடிபட்டவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண், அது எலும்புவரை போகும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாளத் தெரியாவிட்டால் கிருமி சிறுநீரகத்தைத் தாக்கும். கால் எடுத்தவருக்கு மிச்சமிருக்கும் பகுதி முதலில் வீங்கும், பிறகு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். இன்று சரியாகப் பொருந்தும் செயற்கைக் கால் ஆறு மாதத்தில் கழன்று ஆடும். இன்னொன்றும் உண்டு. இல்லாத காலின் விரல் எரிகிறது, அரிக்கிறது என்று நடு ராத்திரியில் அவர் கத்துவார். புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டார் பயந்து மந்திரிக்க ஓடுவதும் உண்டு. இது மருத்துவம் அறிந்த வலி. மூளை இன்னும் அந்தக் காலைக் கணக்கில் வைத்திருப்பதால் வருவது. கண்ணாடியில் நல்ல காலின் பிம்பத்தைக் காட்டிப் பயிற்சி கொடுப்பதுகூட இதற்கு ஒரு சிகிச்சை. இதைத் தாய்மொழியில் ஒரே ஒரு தடவை எடுத்துச் சொன்னால் ஒரு குடும்பத்தின் பாதிப் பயம் போய்விடும்.

தேறி எழுந்தவர்களின் கதைகள் இந்த நாட்டில் நிறைய உண்டு. மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா 1965 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றவர். அதே ஆண்டுப் போரில் பாய்ந்த குண்டு முதுகுத்தண்டைச் சிதைத்து அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்திவிட்டது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை நடந்தது. இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்காக டாக்டர் லுட்விக் குட்மன் 1944இல் தனிப்பிரிவு தொடங்கிய இடம் அது. 1948இல் அவர் அங்கே நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பிறகு பாராலிம்பிக்ஸாக வளர்ந்தது. அப்படி ஓர் இடம் நம் நாட்டில் இல்லையே என்ற குறை அலுவாலியாவை விடவில்லை. வசந்த் குஞ்சில் இன்று நாம் பார்க்கும் முதுகுத்தண்டுக் காயச் சிகிச்சை மையம் அவர் முயற்சியில் எழுந்தது. ஆனால் அதற்குத் தொண்ணூறுகள்வரை ஆனது. எவரெஸ்ட் ஏறியவருக்கே அத்தனை வருடம்.

1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைத் தானே குக்ரிக் கத்தியால் வெட்டியெறிந்தவர் இயான் கார்டோசோ. அவருக்கு அறுவை சிகிச்சை செய்தவர் நம்மிடம் பிடிபட்டிருந்த ஒரு பாகிஸ்தானிய ராணுவ டாக்டர். செயற்கைக் காலோடு பட்டாலியனையும் பிறகு பிரிகேடையும் நடத்தி மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்ஸில் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்ஸில் இந்தியாவுக்கு அதுவே முதல் தங்கம். 2002இல் கண்ணிவெடியில் கால் இழந்த நாகாலாந்து வீரர் ஹொகாட்டோ செமா 2024 பாரிஸில் குண்டு எறிதலில் வெண்கலம் வாங்கினார்.

இவர்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவோம். ஆனால் தயவுசெய்து இந்தக் கதைகளைக் கட்டிலில் கிடப்பவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். “அவர் சாதிக்கலையா, நீங்களும் சாதிப்பீங்க” என்பது கேட்பவருக்கு ஆறுதல் இல்லை. அவருக்கு அப்போதைய கவலை பதக்கம் இல்லை, கக்கூஸ். காயம்பட்ட எல்லோரும் வீரக் கதையாக மாற வேண்டிய கட்டாயம் இல்லை. மாதக் கடைசியில் வாடகை கொடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சாதாரண மனிதராக வாழ்ந்தால் போதும். கார்கில் போரில் 527 பேர் உயிரிழந்தார்கள், 1,363 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களின் பெயர்கள் இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவிடத்தில் கல்லில் இருக்கின்றன. ஊரிலிருந்து உறவினர் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். அந்த 1,363 பேர் எங்கே எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பவர் யார்? 2018ஐப் பணியில் ஊனமுற்ற வீரர்களின் ஆண்டாக ராணுவம் அறிவித்தது. நல்ல காரியம். ஆண்டும் முடிந்துவிட்டது.

2022இல் வந்த அக்னிபத் என்னும் குறுகிய காலப் படைச் சேர்ப்புத் திட்டம் இந்தக் கவலையைக் கூட்டியிருக்கிறது. பணியில் ஊனமுற்ற அக்னிவீரருக்கு ஊன அளவைப் பொறுத்து 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் என்று ஒரு தொகை உண்டு. வாழ்நாள் ஊன ஓய்வூதியம் கிடையாது. 21 வயதில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒரு பையனுக்கு முன்னால் நாற்பது, ஐம்பது வருடம் கிடக்கிறது. மொத்தமாகக் கைக்கு வரும் பணம் கிராமத்தில் எத்தனை நாள் தங்கும் என்பது உங்களுக்கே தெரியும். இது திருத்தப்பட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை.

ஃபோனில் தமிழ் பேச ஆள் வேண்டும். காலை எட்டு மணி முதல் இரவு பத்து வரை, முறை வைத்து, யார் கூப்பிட்டாலும் எடுத்து டாக்டருக்கும் குடும்பத்துக்கும் நடுவில் மொழிபெயர்க்க வேண்டும். மருத்துவச் சொற்களை எங்கள் நர்ஸ் அம்மா சொல்லித்தருவார். ராமகிருஷ்ணபுரம், முனிர்கா, ஜனக்புரி பக்கம் ஓர் அறை சும்மா கிடந்தால், வந்திறங்கும் பெண்களுக்குச் சில நாள் கொடுங்கள். சோறும் ரசமும் கொடுத்தனுப்பலாம். நோயாளிக்கு மட்டும் வார்டில் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது. மாலை, பொன்னாடை, செல்ஃபி, கூட்டமாகப் போய்ப் பார்ப்பது எதுவும் வேண்டாம். “எப்படி ஆச்சு?” என்ற கேள்வியும் வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

நம்மவர்களுக்கு என்றே ஒரு வேலை இருக்கிறது. தில்லித் தமிழர்களில் ஒரு தலைமுறையே தணிக்கையிலும் கணக்கிலும் செக்ரடேரியட்டிலும் ஃபைல் பார்த்துப் பழுத்தது. ஊன ஓய்வூதியம் என்பது முழுக்க ஃபைல் விவகாரம். ஊனம் பணியால் வந்ததா, பணியால் மோசமானதா, எத்தனை சதவீதம் என்று மெடிக்கல் போர்டு எழுதும் ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் வருமானம் நிற்கிறது. வேலைக்குச் சேரும்போது உடல் தகுதியோடு இருந்த வீரருக்குப் பிறகு வந்த குறை பணியால் வந்ததல்ல என்றால், அதை அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது எத்தனை ஜவான்களுக்குத் தெரியும்? ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு ராமகிருஷ்ணபுரத்திலேயே இருக்கிறது, நம்மில் பலர் நடந்து போகும் தூரத்தில். மனு எழுதத் தெரிந்த கைகள் பூங்காவில் சீட்டாடிக்கொண்டிருக்கின்றன. கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் கைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஊருக்குத் திரும்பியவர்களுக்கு ‘ஸ்பர்ஷ்’ ஓய்வூதியத் தளத்தில் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று பதிய ஃபோனிலேயே வழி சொல்லலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்றும் சொல்லலாம்.

நொய்டாவிலும் குர்கானிலும் கம்பெனி நடத்துகிறவர்களே, மேலாளர்களே, இவர்களுக்கு வேலை கொடுங்கள். வாசல் காவலுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். சரக்குக் கணக்கு, கொள்முதல், வண்டிப் பராமரிப்பு என்று ராணுவத்தில் அவர்கள் பார்க்காத வேலை இல்லை. கூப்பிடும் முன் உங்கள் கழிவறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நம் கூட்டங்கள் நடக்கும் மண்டபங்களிலும் அதைப் பாருங்கள். தில்லியில் மதர் டெய்ரி பூத்துகள் பலவற்றை நடத்துகிறவர்கள் முன்னாள் படைவீரர்கள் என்பது தெரியாமலே தினமும் அவர்களிடம் பால் வாங்குகிறோம்.

பணம் கொடுத்தே தீருவேன் என்பவர்கள் கேந்திரிய சைனிக் போர்டு வழியாகப் படைவீரர் கொடிநாள் நிதிக்கு அனுப்புங்கள். 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். மற்ற நாட்களிலும் வாங்கிக்கொள்வார்கள், வரிவிலக்கும் உண்டு. வாட்ஸ்அப்பில் சுற்றும் வங்கிக் கணக்கு எண்களை நம்பாதீர்கள். 2025 ஏப்ரலில் அப்படி ஒரு செய்தி பரவி, அது தவறானது என்று பாதுகாப்பு அமைச்சகமே அறிக்கை விட வேண்டியிருந்தது. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது வசூலுக்கு வந்தால் அவர் எங்கள் ஆள் இல்லை.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீரர்களையும் சேர்த்தேதான் இதையெல்லாம் சொல்கிறோம். குண்டு சீருடையின் நிறம் பார்த்துப் பாய்வதில்லை.

மாதத்துக்கு இரண்டு காலைப் பொழுது தர முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். ஒரு வருடமாவது தொடர்ந்து வர முடியும் என்றால் பெயர் கொடுங்கள். தமிழ்ச் சங்கத்துக்கோ மலை மந்திருக்கோ வரும்போது எங்களில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தில்லித் தமிழர் சிலர்