ஓராண்டில் சாகும் கூலி

கடன் என்று வந்துவிட்டால் எல்லாக் கடனும் ஒன்றே என்பர் சிலர். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களில் கூரை ஏறாது நிற்கும் கட்டடங்கள் அவ்வாறு கூறா. சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்கு ஏறிய 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் கட்டட வேலைகள் நின்றன. செய்து முடித்த வேலைக்குரிய கூலியும் உடன் நின்றது. மிச்ச வேலை தொடங்கும்போது கணக்குத் தீர்ப்போம் என்ற உடைமையாளரின் வாய்ச்சொல்லை நம்பி மேசன்மாரும் கூலியாட்களும் காத்திருந்தனர்.

அவர்கள் காத்திருக்கலாம், சட்டம் காத்திராது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் கடன்களைச் சாதி பிரித்து வைத்திருக்கிறது. எழுத்திலமைந்த ஒப்பந்தத்தின்மீது வழக்கிட 6 ஆண்டுகள். செய்த வேலைக்கும், கைவினைஞர், கூலியாள், பணியாள் ஆகியோரின் ஊதியத்துக்கும் 1 ஆண்டு! காகிதம் உடையவனுக்கு ஆறு. வியர்வை மட்டுமே உடையவனுக்கு ஒன்று. இதுவோ நீதி?

பழைய கூலிக்கணக்கை மெய்ப்பிக்க இயலாது என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் உளர். எழுத்திலில்லாத பிற ஒப்பந்தங்களுக்கு இதே சட்டம் 3 ஆண்டுகள் தருகிறதே! அங்கு மெய்ப்பிக்க இயலுமாயின், சுவரே சாட்சியாக எழுந்து நிற்கும் இடத்தில் ஏன் இயலாது?

அரசின் கடனைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. சர்வதேசக் கடன்பத்திரக்காரரின் உரிமை ஓராண்டில் மாண்டதா? 2024 டிசெம்பரில் அவர்களுக்குப் புதிய பத்திரங்கள் கிடைத்தன. செலுத்தாத வட்டிக்கும் பத்திரம் கிடைத்தது. போரினால் நீதிமன்றம் செல்ல இயலாதோருக்கென 2016இல் இயற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டமும் நிலம் முதலிய அசையாச் சொத்தையே கருதிற்று. நிலமுடையவனுக்குத் திறந்த கதவு, அந்நிலத்தில் சுவர் எழுப்பியவனுக்குத் திறக்கவில்லை.

வேலைக்கூலிக்கும் 6 ஆண்டுகள் வேண்டும் என்பதே நமது கோரிக்கை. சட்டம் திருந்தும் வரை நாம் வாளாவிருத்தல் ஆகாது. நிலுவையை ஒப்புக்கொண்டு கடன்பட்டவர் கையொப்பமிட்ட எழுத்து, ஓடும் காலத்தைத் தடுத்து நிறுத்த வல்லது. வாய்ச்சொல்லுக்கு அவ்வலிமை இல்லை. அந்த நான்கு வரியை எழுதக் கற்பிப்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இயலாத காரியமன்று. விண்ணப்பக் கடிதம் எழுதப் பழக்கும் வகுப்பறை, கூலிச்சீட்டு எழுதவும் பழக்கட்டும். உழைத்தவன் கையில் எழுத்தைக் கொடாத கல்வி, ஏய்ப்பவன் பக்கமே நிற்கிறது.